கடை பூட்டினால் வாரண்டி செத்துப்போகுமா?

இரும்பை முதல் மரக்காணம் வரையில் உள்ள உப்பளக் கரை ஊர்களில் கார் என்பது இனியும் பணக்காரருடைய அலங்காரச் சாமான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர், மீன் வியாபாரம் செய்பவர், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு அலைபவர் முதலியவர்களும் பாங்கியில் கடன் வாங்கி, ஐந்து வருஷம் ஏழு வருஷம் தவணை கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டுக் கார் வாங்குகின்றார்கள். அப்படி வாங்குகின்றவர்களுக்கு வண்டியோடு கூட ஒரு புத்தகமும் கொடுக்கப்படுகின்றது. அதுதான் வாரண்டிப் புத்தகம். இத்தனை வருஷத்துக்குள், இத்தனை கிலோமீட்டருக்குள், தயாரிப்புக் கோளாறினால் இன்ன இன்ன பாகம் கெட்டால் காசு வாங்காமல் சரி செய்து கொடுக்கிறோம் என்பது அதிலுள்ள வாக்கு. அந்த வாக்குக்கும் சேர்த்துத்தான் நாம் விலை கொடுத்திருக்கின்றோமே ஒழிய, எந்த முதலாளியும் அதை இனாமாகக் கொடுத்துவிடவில்லை.

ஆனால் நம் மக்கள் செய்வதென்ன? வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் பூசி, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அர்ச்சகருக்குத் தட்சிணையும் அழுதுவிட்டு வருகின்றார்கள். புத்தகத்தையோ பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. நசுங்கிய எலுமிச்சம்பழம் எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்ல வராது என்பதை மாத்திரம் இங்கு சொல்லிவிட்டு மேலே செல்லுகின்றோம்.

சங்கதி என்னவென்றால், வண்டி விற்ற கடையே பூட்டப்பட்டுவிட்டால் அந்தப் புத்தகத்தின் கதி என்ன என்பதாகும். இது வீண் பயமல்ல. செவர்லே கார் விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 2017 மே மாதத்தில், அவ்வருஷக் கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிடுவதாக அறிவித்தார்கள். 2020 செப்டம்பரில் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் கம்பெனியார் இங்குள்ள தொழிற்சாலையை மூடுவதாகச் சொன்னார்கள். பிறகு 2021 செப்டம்பர் 9-ந் தேதி போர்டு கம்பெனியார், பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டி, இந்தியாவில் கார் செய்வதையே விட்டுவிடுவதாக அறிவித்தார்கள். மறைமலை நகர் போர்டு தொழிற்சாலை இரும்பையிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றது. அதன் வாசல் வழியாக வெளியே வந்த வண்டியை வாங்கியவர்கள்கூட, இனி இதை எங்கே கொண்டுபோய்ப் பழுது பார்ப்பது என்று விழித்தார்கள்.

அச்சமயம் கார் விற்பனையாளர்களின் சம்மேளனத்தார் வெளியிட்ட கணக்குப்படி, போர்டுக்கு நாடு முழுவதும் 170 டீலர்கள், 391 கடைகள். அவைகளில் வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 40,000 பேர். தொழிற்சாலைகளில் வேலை இழப்பவர்கள் சுமார் 4,000 பேர் என்று பத்திரிகைகளெல்லாம் எழுதின. கடைகளில் இருந்த அந்தப் பத்து மடங்குப் பேர்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. வாரண்டியும் சர்வீசும் உதிரிப் பாகமும் தொடர்ந்து கிடைக்கும் என்று கம்பெனியார் சொன்னார்கள். சொன்னது பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் விற்பதற்குப் புது வண்டி இல்லாத கடைக்காரன், வாடகையும் சம்பளமும் கொடுத்து எத்தனை நாளைக்குக் கொட்டகையை வைத்துக்கொண்டிருப்பான்? பெரிய பட்டணத்தில் ஒன்றிரண்டு கொட்டகை நிற்கலாம். சிறு ஊர்க்காரனுக்குக் கிடைப்பது, "சென்னைக்குக் கொண்டுபோங்கள்" என்ற பதில்தான். ஓடாத வண்டியை இரும்பையிலிருந்து சென்னைக்கு ஏற்றிக்கொண்டு போகிற கூலி யார் தலையில் விழுகின்றது?

இதில் உள்ள சூழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். கம்பெனியார் முதலில் என்ன நிபந்தனை போடுகின்றார்கள்? "எங்கள் அங்கீகாரம் பெற்ற கொட்டகையில்தான் வண்டியைத் தொட வேண்டும், வெளி மெக்கானிக் கை பட்டால் வாரண்டி போய்விடும்" என்கின்றார்கள். இது புரோகிதருடைய வழக்கம் அல்லாமல் வேறென்ன? மந்திரம் நான்தான் சொல்ல வேண்டும், நீ தொட்டால் தீட்டு என்று சொல்லி ஊராரைக் கைகட்டி நிற்க வைப்பது. பிறகு வரும்படி குறைந்துவிட்டதென்று கோயிலைப் பூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவது. போன பிறகும் நீ தொட்டால் தீட்டு என்பது மாத்திரம் நின்றபடியே இருப்பது!

அந்தக் கொட்டகையில் பத்து வருஷம் வேலை செய்த மெக்கானிக், கடை மூடிய பிறகு பிழைப்புக்காக ரஸ்தா ஓரத்தில் தானே ஒரு பட்டறை வைக்கின்றான். நேற்றுவரை கம்பெனிச் சட்டைக்குள் இருந்த அதே கைதான் இன்றும் இஞ்சினைப் பிரிக்கின்றது. சட்டை இருந்தபோது சுத்தமாயிருந்த கை, சட்டை கழன்றவுடன் தீட்டாகிவிட்டதா என்று கேட்கின்றோம்.

இந்தத் தீட்டு வாதம் செல்லாது என்று 2014 ஆகஸ்டு 25-ந் தேதியே இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. உதிரிப் பாகத்தையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளியாருக்குக் கிடைக்காமல் அடக்கி வைத்துக்கொண்டதாகப் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு, போர்டும் ஜெனரல் மோட்டார்சும் உட்பட, மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போன ஒரே காரணத்துக்காக வாரண்டியை அடியோடு ரத்துச் செய்யக்கூடாது, அந்த வெளி வேலையினால் கெட்ட பாகத்துக்கு மாத்திரம் மறுக்கலாம் என்பது அத்தீர்ப்பின் கருத்து. கம்பெனியார் மேல் விசாரணைக்குப் போனார்கள், காலம் ஓடிற்று. இத்தீர்ப்பைப் பற்றி எந்த ஷோரூம்காரராவது தமது வாடிக்கைக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா?

இரும்பைக்காரர்களுக்கு இதை விளங்கச் சொல்வது சுலபம். அவ்வூர் மாகாளேசுவரர் கோயிலில் கடுவெளிச் சித்தர் பாடி லிங்கம் வெடித்தது என்று ஒரு கதை உண்டு. வெடித்த துண்டுகளைச் செப்புத் தகடு போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறதாகச் சொல்லுகின்றார்கள். பாட்டுக்குக் கல் வெடிக்குமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தகட்டைப் போட்டவர் கைலாசத்திலிருந்து அங்கீகாரம் பெற்று வந்தவரல்லவே! செம்பு வேலை தெரிந்த ஒரு மனிதர்தானே? சாமிக்கே அப்படி நடக்கலாமென்றால், ஒரு காரின் ரேடியேட்டருக்கு மாத்திரம் ஏன் கூடாது?

இன்னொரு விஷயமும் இக்கரை ஊர்களுக்குத் தனியாக உண்டு. உப்புக் காற்று தகரத்தை அரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உப்பினால் மேற்பரப்பில் ஏற்படும் துருவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பல கம்பெனிகளின் வாரண்டிப் புத்தகத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கின்றார்கள். உள்ளிருந்து ஓட்டை விழும் துருவுக்குச் சிலர் தனி வாரண்டி தருகின்றார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல், "உப்பளத்துப் பக்கமா? அப்படியானால் கிடையாது" என்று சொன்னதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடக்கூடாது.

வேறு தேசத்தில் என்ன செய்தார்கள்? 2009-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்சும் கிரைஸ்லரும் திவாலாகும் நிலைக்கு வந்தபோது, அக்கம்பெனிகளின் வாரண்டிக்கு அரசாங்கமே பின்னால் நிற்கும் என்று மார்ச்சு மாதத்தில் அறிவித்தார்கள். கிரைஸ்லர் அவ்வருஷம் ஒரே வீச்சில் 789 டீலர்களை நீக்கிற்று. அது முதலாளிகளின் தேசந்தான். அங்கேயே, வாங்கினவன் கையிலுள்ள சீட்டு வெறும் காகிதமாகிவிடக்கூடாது என்ற எண்ணம் சர்க்காருக்கு வந்தது. இங்கே போர்டு போனபோது, டீலர்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் வேண்டுமென்று சம்மேளனத்தார் கேட்டார்கள். நியாயந்தான். ஆனால் வாங்கினவனுக்கு? கம்பெனி ஒரு ஜில்லாவில் கொட்டகையை மூடினால், வாரண்டி முடியும்வரை அந்த ஜில்லாவில் எந்த மெக்கானிக்கிடம் வேலை செய்தாலும் பில்லை அக்கம்பெனியே கொடுத்துத் தீர வேண்டும், அல்லது வண்டியைத் தன் செலவில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும் என்று சட்டமாக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அதுவரை இருக்கிற சட்டத்தையாவது உபயோகப்படுத்த வேண்டாமா? 2020 ஜூலை முதல் அமுலில் உள்ள 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒப்பந்தப்படி செய்வதாக ஏற்றதைச் செய்யாவிட்டால் அதைச் சேவைக் குறைபாடு என்கின்றது. அது மாத்திரமல்ல, நிறைவேற்றுவதற்கு நியாயமான வழியே இல்லாத வாரண்டியைக் கொடுப்பது முறையற்ற வியாபாரம் என்றும் சொல்லுகின்றது. நாளைக்குக் கடையைக் கட்டப் போகிறவன் இன்றைக்கு ஐந்து வருஷ வாரண்டி விற்றால் அது எந்த வகை என்று வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை மாத்திரம் வேண்டும். டாட்டா மோட்டார்சுக்கும் அந்தோனியோ பாலோ வாஸ் என்பவருக்கும் நடந்த வழக்கில் 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டார், டீலர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரியாமல் நடந்திருந்தால் அதற்குக் கம்பெனி ஜவாப்தாரியல்ல என்று தீர்த்திருக்கின்றார்கள். ஆகவே கடைக்காரர் வாயால் சொன்ன வாக்கு, கடை போனால் கூடவே போய்விடும். கம்பெனி பேரில் அச்சடித்த வாரண்டி அப்படியல்ல. கூடுதல் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளும் வாரண்டியில் கையெழுத்து யாருடையது, கம்பெனியா, டீலரா, இன்ஷூரன்ஸ்காரரா என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்க்க வேண்டும்.

முன் சட்டத்தில், எதிர்க்கட்சிக்காரன் இருக்கும் இடத்துக்கோ தகராறு நடந்த இடத்துக்கோ போய்த்தான் வழக்குப் போட முடியும். இப்போது வாங்கினவர் குடியிருக்கும் ஜில்லாவிலேயே போடலாம். இரும்பைக்காரர் விழுப்புரம் ஜில்லா ஆணையத்தில் போட்டுவிட்டு, கம்பெனிக்காரரை அங்கு வரவழைக்கலாம். வண்டி 5 லட்ச ரூபாய் வரையில் வாங்கியதானால் கட்டணமே கிடையாது. 5-க்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். சொந்தப் பிழைப்புக்காக வாடகைக்கு ஓட்டுகிறவரையும் வியாபாரி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. தகராறு உண்டான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன், வண்டி கெட்டவுடன் கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு ரிஜிஸ்தர் தபாலில் ஒரு கடிதம் எழுதி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ள வேண்டும்; சர்வீஸ் செய்த ஒவ்வொரு தடவையும் வாங்கிய வேலைச் சீட்டுகளையும் சேர்த்து வைக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் டெலிபோன் செய்தும் புகார் பதியலாம். வக்கீல் வைத்துத்தான் தீர வேண்டுமென்பதும் இல்லை. தாமே போய்ப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.