அம்மாவைக் கேமராவில் பார்க்கிறவங்களுக்கு

எங்க பக்கம் தோட்டத்துச் சாளைகள்ல இப்ப வாசல்ல கோலம் இருக்கோ இல்லையோ, கேமரா இருக்கு. சாளைன்னா ஊருக்கு வெளிய, அவங்கவங்க காட்டுக்குள்ள தனியா இருக்கிற வீடு. சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற பசங்க, சிம் கார்டு போடுற கேமராவை ஆன்லைன்ல வாங்கி, பொங்கல் லீவுல வந்து மாட்டிட்டுப் போறாங்க.

பயம் நியாயமானதுதான். 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் ஒரே வீட்டுல மூணு பேர். 2025ல சிவகிரி பக்கம் வயசான தம்பதி. தோட்டத்து வீட்டுல இருந்தவங்களை இப்படிக் கொன்னு போட்டதுக்கப்புறம் இங்க யாருக்கும் முன்ன மாதிரி தூக்கம் இல்லை.

ஆனா திருடனுக்காக மாட்டின கேமரா யாரைப் பார்க்குது? திருடன் தினமும் வர்றதில்லை. தினமும் வர்றது பக்கத்துத் தோட்டத்துக்காரங்க. நாலு முருங்கைக்காய் கொண்டுட்டு வந்த ஒரு அக்காகிட்ட, சுவத்துல இருந்து "யாருங்க அது?"ன்னு ஒரு குரல். மகன் பெங்களூர் ஆபீஸ்ல உட்கார்ந்து கேட்கிறான். அந்தக்கா சுவத்தை அண்ணாந்து பார்த்து, "நான்தான் கண்ணு"ங்கறாங்க. அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவங்க. அடுத்த தடவை கேட்டுக்கு வெளியவே நின்னு கொடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் வர்றதே இல்லை.

கேமரா இல்லாத காலத்துலயும் கண்காணிப்பு இருந்துச்சுங்க. காலையும் சாயங்காலமும் பால் சொசைட்டிக்குக் கேன் வரணும். ஒரு நேரம் வரலைன்னா, "ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு வரிசையில நிக்கிற யாராவது கேட்பாங்க. கறக்காத மாடு மடி கனத்துக் கத்தும். அது பசிக்குக் கத்துற கத்தல் இல்லை. மாடு வச்சிருக்கிறவனுக்கு ரெண்டு காடு தாண்டியும் தெரியும், அந்த வீட்டுல என்னமோ சரியில்லைன்னு. ராத்திரி தண்ணி கட்டப் போறவன், லைட் எரியலைன்னா ஒரு சத்தம் போட்டுட்டுப் போவான். (இப்ப மோட்டாரையும் போன்லயே போட்டு நிறுத்துறாங்க. அது தனிக் கதை.)

இப்ப, "பையன் கேமரா வச்சிருக்கான், பார்த்துக்குவான்"னு ஊர் ஒதுங்கிக்குது. அந்தப் பையனுக்கோ நாய் ஓடினாலும் அலர்ட், வாழை இலை ஆடினாலும் அலர்ட். ரெண்டு மாசத்துல சலிச்சுப்போய் அலர்ட்டை ஆஃப் பண்ணிடுறான். ஆக, ரெண்டு பக்கமும் பார்க்கிற ஆள் இல்லை.

இன்னொண்ணு சொல்லக் கூச்சமா இருக்கு. வாசலோட நிறுத்தாம கூடத்துக்குள்ளயும் மாட்டியிருக்காங்க. வயசானவங்க கட்டில் கூடத்துலதானே கிடக்கும்? சொந்த வீட்டுல சேலை மாத்த மறைவு தேட வேண்டியிருக்கு. ஒரு அம்மா துண்டைத் தூக்கிக் கேமரா மேல போட்டுட்டாங்க. உடனே போன்: "ஏம்மா மூடினீங்க?" பெத்தவங்க பதில் சொல்லணும்! மாத்திரை போட்டீங்களா, ஏன் இன்னும் படுக்கலை, வெயில்ல எதுக்குக் களை வெட்டப் போனீங்க... அக்கறை பூரா போலீஸ் விசாரணை மாதிரி ஆயிடுச்சு. முன்னெல்லாம் "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டா அம்மா கால் மணி நேரம் ஊர்க்கதை சொல்லும். இப்ப நீங்க அதைக் கேட்கிறதில்லை. சாப்பிட்டதைத்தான் பார்த்துட்டீங்களே.

வாசல் கேமரா இருக்கட்டும். கூடத்துல இருக்கிறதைக் கழட்டுங்க. ஸ்பீக்கரை நிறுத்துங்க. சுத்தியிருக்கிற நாலு தோட்டத்துக்காரங்க நம்பரை வாங்கி, மாசம் ஒரு தடவை சும்மாவாச்சும் பேசுங்க. அடுத்த லீவுல வரும்போது அந்த முருங்கைக்காய் அக்கா வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, அவங்களும் அங்க போய் ரொம்ப நாளாச்சு.