உச்சி மாடியில் ஒரு வீடு

காலை நிகழ்ச்சியில் வீட்டு விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துக் கொடுத்து, 'கனவு இல்லம்' என்ற சொல் எனக்கு மரத்தே போய்விட்டது. போன ஞாயிறு அந்தக் கனவு எங்கள் குடும்பத்துக்கே வந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி, மலாக்கா ராயா பக்கம் ஓர் அடுக்குமாடியின் உச்சியில் பெண்ட்ஹவுஸ் பார்த்திருக்கிறான். "அக்கா, அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றான்.

வாசலிலேயே அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். வீட்டுக்குள் ஒரு மாடிப்படி, நான்கு குளியலறை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. தம்பி குழந்தை மாதிரி ஒவ்வோர் அறையாக ஓடினான். அம்மா பால்கனியில் நின்று வெகுநேரம் கீழே பார்த்தார்.

"சின்னப் பிள்ளையில தாத்தா பஸ்ல கூட்டிட்டு வருவாரு. திடல்ல உக்காந்து கச்சான் சாப்பிடுவோம். கடல் அங்கேயே இருந்துச்சு. இப்ப நாம நிக்கிறது தண்ணி மேல."

அம்மா சொன்னது உண்மைதான். 1956 பிப்ரவரி 20-இல் துங்கு சுதந்திரத் தேதியை அறிவித்த பண்டார் ஹிலிர் திடல் அன்று கடலோரம். பிறகுதான் கடலைத் தூர்த்தார்கள். கடைவீடுகள், பேரங்காடிகள், இப்போது வானளாவிய குடியிருப்புகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கதையே வேறு. ஜோங்கர் தெருவில் கீழே கடை, மேலே குடும்பம் என்று வாழ்ந்தவர்களில் பலர், 1997-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்ட பிறகு வெளியேறினார்கள். அந்த மாடிகள் பல இன்று தங்கும் விடுதிகள்.

எங்கள் வீட்டில் 'சொந்த வீடு' என்பது லேசான பேச்சல்ல. அம்மா பிறந்தது ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். தாத்தா ஆயுசெல்லாம் பால் வெட்டினார். வேலை நின்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இந்தப் பெண்ட்ஹவுஸின் முன்பணத்தில் அம்மாவின் சேமநிதிப் பணமும் சேர்கிறது. தம்பி கேட்கவில்லை, அம்மாவாகவே தருகிறேன் என்றார்.

முகவர் நம் பையன்தான், மெர்லிமாவ்காரர். அம்மா அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"கூட்டிப் பெருக்க, லிப்ட் ஓட்ட மாசம் எவ்வளவு தம்பி?"

"சதுர அடிக்குக் கணக்கு ஆண்ட்டி..."

நான் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்தேன். சதுர அடிக்கு 40 காசு என்று வைத்தால், 2,500 சதுர அடிக்கு மாதம் 1,000 வெள்ளி. அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதிக்கு இன்னொரு 10 விழுக்காடு. ஆக ஆண்டுக்கு 13,200 வெள்ளி, வங்கிக் கடன் தனி. வீடு பெரியதானால் பங்கும் பெரிது. விளம்பரத்தில் நான் ஒருநாளும் இதை வாசித்ததில்லை!

அடுத்தது நிலம். நகர மையத்தில் கட்டப்படும் இப்படிப்பட்ட சர்வீஸ் அபார்ட்மெண்ட்கள் பெரும்பாலும் வணிக நிலத்தில் நிற்பவை. நில வரி, மதிப்பீட்டு வரி எந்த விகிதத்தில் என்று கேட்டே ஆகவேண்டும். குத்தகை நிலமென்றால், 99 ஆண்டில் எத்தனை ஓடிவிட்டது என்று நிலப்பட்டாவைப் பார்க்க வேண்டும். மிச்ச ஆண்டுகள் குறையக் குறைய, பிற்பாடு வாங்க வருபவருக்கு வங்கி கடன் தரத் தயங்கும். தம்பி தரைக்குப் போட்ட பளிங்கைப் பார்த்தானே தவிர, இதைப் பார்க்கவில்லை. நானும்தான்.

பொழுது சாய்ந்தது. கடல் செக்கச் சிவந்து கிடந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை வந்தது. அம்மா எதிர்க் கட்டடத்தின் சன்னல்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"பதினோரு வீட்லதான் விளக்கு எரியுது. மத்தவங்க எங்க?"

பல வீடுகள் முதலீட்டுக்காக வாங்கியவை, வார இறுதியில் சுற்றுப்பயணிகள் வருவார்கள் என்றார் முகவர்.

"அப்ப லிப்ட் கெட்டுப்போனா யாரு காசு குடுப்பா? லயத்துல ஒரு வீட்ல விளக்கு எரியலன்னா, போய்க் கதவைத் தட்டுவோம். இங்க யாரு கதவைத் தட்டுறது?"

முகவர் சிரித்தார். ஆனால் அது சிரிக்கிற கேள்வியல்ல. உரிமையாளர்கள் பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி வைத்தால், முதலில் திணறுவது மின்தூக்கியும் பாதுகாவலர் சம்பளமும்தான். ஐந்தாவது மாடிக்காரர் மூச்சு வாங்கியாவது ஏறிவிடுவார். உச்சி மாடிக்காரர்?

தம்பி முகவரிடம் மூன்று தாள்கள் கேட்டிருக்கிறான்: நிலப்பட்டாவின் நகல், கடைசி ஆண்டுக் கூட்டத்தின் கணக்கு, கட்டணப் பாக்கியின் மொத்தத் தொகை. பட்டா நகல் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. மற்ற இரண்டும் இதை எழுதும்வரை வரவில்லை. முன்பணம் இன்னும் அம்மாவின் கணக்கில்தான் இருக்கிறது.