'நான்தான்' என்றால் நம்பிவிடும் நெட்வொர்க்

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி இரண்டு. ஒன்று பிறவியிலேயே வருவது. லாரியின் சேஸிஸ் எண் போன்ற இதற்கு மேக் முகவரி என்று பெயர். 48 பிட் கொண்ட இந்த எண்ணின் முதல் பாதி வழக்கமாகத் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். அதை ஒதுக்குவது ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு. மற்றது ஐ.பி. முகவரி. இது லாட்ஜ் அறை எண் மாதிரி. இடம் மாறினால் எண்ணும் மாறும்.

அறை கொடுக்கும் மேனேஜரின் வேலையைச் செய்வது டி.எச்.சி.பி. 1993-ல் வகுக்கப்பட்ட முறை. புதிதாக வரும் போன், முகவரி கேட்டு எல்லோர் காதிலும் விழும்படி கூவுகிறது. வீடுகளில் பெரும்பாலும் ரவுட்டர்தான் ஓர் எண்ணை நீட்டுகிறது. அது சொந்தமல்ல, வாடகைக்குத்தான். கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும்.

வில்லங்கம் அடுத்த கட்டத்தில். ஒரே நெட்வொர்க்குக்குள் தகவலைக் கொண்டு சேர்க்க மேக் முகவரி தேவை. கையில் இருப்பதோ ஐ.பி. எண். இரண்டையும் பொருத்துவது ஏ.ஆர்.பி. 1982-ல் டேவிட் பிளம்மர் எழுதிய விதி. 'இந்த எண் யாருடையது?' என்று கூட்டத்தில் கேள்வி எழும். 'நான்தான்' என்று பதில் வரும். கேட்ட கருவி அதைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

பதில் சொன்னவர் உரியவர்தானா? சரிபார்க்க இந்த விதியில் வழியே இல்லை. ரயில் நிலையத்திலோ காபிக் கடையிலோ உள்ள பொது வைஃபையில், பக்கத்து மேஜை லேப்டாப் 'ரவுட்டர் நான்தான்' என்று பொய் சொன்னால் மற்றவர்களின் தகவல் அதன் வழியே போகக்கூடும். அப்போது காப்பாற்றுவது குறியாக்கம்தான். பிரவுசர் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் அலட்சியமாக மேலே தொடர்வது ஆபத்து.

அலுவலகங்களுக்கு இன்னொரு வழி உண்டு. எந்தக் கருவிக்கு எந்த எண் தரப்பட்டது என்ற பதிவேட்டோடு ஒப்பிட்டு, பொய்ப் பதிலைத் தூக்கி எறியும் சுவிட்சுகள் கிடைக்கின்றன. அந்த வசதியை முடுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மாறாத சேஸிஸ் எண்ணிலும் ஒரு தொல்லை: போகுமிடமெல்லாம் ஆளைப் பின்தொடர அது உதவும். எனவே 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், வைஃபையில் சேரும் போன்கள் கற்பனை மேக் எண்ணைக் காட்டுகின்றன. பொய் சொல்வது இங்கே மட்டும் உரிமையாளரின் நன்மைக்கு.