துரு தின்ற அம்பாசடர்: எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

''அப்பா வாங்கிய 1996-ம் வருட டீசல் அம்பாசடர் வைத்திருக்கிறோம். அம்மாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு நாகப்பட்டினம் அழைத்துப் போவது அதில்தான். போன மழையில் டிரைவர் காலடியில் தண்ணீர் ஏறியது. மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டை வழியாக ரோடு தெரிகிறது. டிங்கரிங் பட்டறையில் 40,000 ரூபாய் கேட்கிறார்கள். மகன் ஐ.டி.ஐ படித்தவன். வீட்டில் ஆர்க் வெல்டிங் செட் இருக்கிறது. நாங்களே சரி செய்துகொள்ளலாமா?''
- வாசகர், வேதாரண்யம்.

செய்துகொள்ளலாம். ஆனால், முழு வேலையையும் அல்ல. எது வீட்டு வேலை, எது பட்டறை வேலை என்று பிரித்துக்கொண்டால் 40,000 ரூபாயில் கணிசமான பகுதி மிச்சமாகும்.

அதற்கு முன்பு ஒன்று சொல்லிவிடுகிறேன். தரையில் ஓட்டை இருக்கும்வரை அம்மாவை அந்தக் காரில் ஏற்றாதீர்கள். சைலன்ஸர் குழாய் கீழே ஓடுகிறது. ஓட்டை வழியாகப் புகை உள்ளே வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ரத்தசோகையும் சேர்ந்தே இருப்பது வழக்கம். நமக்குத் தெரியாத அளவு புகைகூட அவர்களுக்குத் தலைசுற்றலைக் கொடுத்துவிடும். பத்து நாள் வாடகைக் கார் செலவு ஆகட்டும், பரவாயில்லை.

இப்போது வண்டிக்கு வருவோம். லாரிக்கும் ஜீப்புக்கும் கீழே தனியாக சேசிஸ் இருக்கும். பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். அம்பாசடர் அப்படி இல்லை. 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த வண்டி அது. 2014-ல் உற்பத்தி நின்றவரை அடிப்படை அமைப்பு மாறவில்லை. அதில் பாடியேதான் சேசிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, தரைக்கு அடியில் குறுக்கே போகும் சட்டங்கள், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், முன்சக்கரத்தைத் தாங்கும் டார்ஷன் பார் கம்பிகள் வந்து முடியும் இடம் ஆகியவைதான் வண்டியின் எலும்பு. மீதியெல்லாம் தோல். தோலில் ஓட்டை விழுந்தால் வீட்டில் அடைக்கலாம். எலும்பில் விழுந்தால் வீட்டில் கை வைக்கக் கூடாது.

எலும்பா, தோலா என்று எப்படிப் பார்ப்பது? சீட், மிதியடி, அடியில் இருக்கும் சாக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். சின்னச் சுத்தியலால் மெள்ளத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'ணங்' என்று பேசும். துரு தின்றது 'டொப்' என்று ஊமையாகச் சொல்லும். தேங்காய் தட்டிப் பார்க்கத் தெரிந்த காதுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஊமைச் சத்தம் வந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் சாக்பீஸில் வட்டம் போடுங்கள். பெயின்ட் கொப்பளித்திருக்கும் இடத்தில், கொப்புளத்தைவிட உள்ளே இருக்கும் சேதம் பெரிதாகத்தான் இருக்கும். அதனால் வட்டத்தைத் தாராளமாகவே போடுங்கள்.

வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு அல்லது கனமான மரக்கட்டை அடுக்கி, வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகு உள்ளே போங்கள்.

சாக்பீஸ் வட்டம் நான் மேலே சொன்ன எலும்புப் பகுதிகளில் விழுந்திருந்தால், அந்த வேலையை மட்டும் கேஸ் வெல்டிங் அல்லது சி.ஓ.2 வெல்டிங் வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். உங்கள் ஆர்க் செட் கேட்டுக்கும் டிரெய்லருக்கும் சரி. கார் தகடு ஏறக்குறைய 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீட்டர். துரு தின்றது போக இன்னும் மெலிந்திருக்கும். அதில் ராடு வைத்தால் ஓட்டை அடைபடாது, பெரிதாகும். மகன் கெட்டிக்காரனாக இருக்கலாம். தகடு அவன் பேச்சைக் கேட்காது. எந்த வெல்டிங் ஆனாலும் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். டீசல் குழாயும் பிரேக் குழாயும் தரைக்கு அடியில்தான் போகின்றன. டீசல்தானே என்று அலட்சியம் வேண்டாம். டேங்க் பக்கம் வேலை என்றால் டேங்கைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். சூடேறிய காலி டேங்கில் தேங்கும் ஆவி வெடிக்கும்.

காலடியில் சட்டம் இல்லாத சமதளத்தில் ஓட்டை என்றால், அது உங்கள் வேலை. வெல்டிங்கே தேவையில்லை. மழை இல்லாத காய்ந்த நாளாகப் பாருங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி, பளபள தகடு தெரியும்வரை துருவை எடுங்கள். பழைய பெயின்ட் தூளில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். மெலிந்த ஓரங்களைத் தகரக் கத்தரியால் வெட்டி எறியுங்கள். வெட்ட மனம் வராமல் விட்ட தகடுதான் அடுத்த வருடம் மறுபடி ஓட்டையாகும்.

அட்டைப் பெட்டியில் அளவு வெட்டி ஓட்டைமேல் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஓர் அங்குலம் நல்ல தகட்டின்மேல் ஏற வேண்டும். அதே அளவில் 20 கேஜ் இரும்புத் தகடு வெட்டிக்கொள்ளுங்கள். பிரஷுக்கு எட்டாத குழிகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டரை, டப்பாவில் சொன்னபடி போட்டுக் காயவிடுங்கள். தகடு, தரை இரண்டுக்கும் எபாக்சி பிரைமர் அடியுங்கள். வெறும் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அதற்கு மேல் பெயின்ட் ஏறாவிட்டால் ஈரம் உள்ளே போகும். பிறகு ஓரம் முழுக்க பி.யூ. சீலன்ட் பிதுக்கி, தகட்டைப் பதித்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு பாப் ரிவெட் அடியுங்கள். கடையில் அலுமினிய ரிவெட்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்டீல் ரிவெட் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றில் இரும்போடு சேர்ந்த அலுமினியம் சீக்கிரம் பொடிந்துவிடும். கடைசியில் அடிப்பக்கம் அண்டர்கோட்டிங்.

பட்டி போட்டு அடைக்கலாமே என்பார்கள். பட்டி, பள்ளத்தைச் சமப்படுத்தத்தான். ஓட்டையை மூடினால் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளேயே துருவை வளர்க்கும். துருவின்மேல் தார் பூசுவதும் அதே கதைதான். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் தெளிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். சொட்டுவது நம் மண்ணில்தான்.

இவ்வளவும் செய்து, தண்ணீர் வந்த வழியை விட்டுவிட்டால் பயன் இல்லை. ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் முன்கண்ணாடி ரப்பரிலும் கதவு பீடிங்கிலும் ஹோஸ் பிடித்து ஊற்றட்டும். எங்கே கசிகிறது என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். கதவின் அடி ஓரத்தில் சிறு வடிதுளைகள் இருக்கும். சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள். டிக்கியில் பொட்டாஷ் மூட்டை ஏற்றுகிறீர்களா? அது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன். யூரியாவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சிந்தியதை அன்றே கூட்டித் துடைத்துவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது சீட்டைக் கழற்றி, துருவைச் சுத்தம் செய்து, அட்டை அளவும் வெட்டிக்கொண்டு போங்கள். கூலியில் பெரும்பகுதி அந்தச் சில்லறை வேலைகளுக்குத்தான். 'வெல்டிங் மட்டும் எவ்வளவு?' என்று கேட்டுப் பேசுங்கள். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த நம்பரைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

''டிராக்டர் டிரெய்லர் தரையில் ஓட்டை. பழைய தகட்டின் மேலேயே புதுத் தகடு போட்டு அடித்துவிடலாமா?''
- வாசகர், மணப்பாறை.

வேண்டாம். இரண்டு தகட்டுக்கும் நடுவில் எருவும் ஈரமும் தங்கி, புதியதையும் சேர்த்துத் தின்னும். பழையதை வெட்டி எடுத்துவிட்டு, அடிச் சட்டங்களைத் தட்டிப் பார்த்து, அதன் பிறகு புதியதை வையுங்கள். இது கனத் தகடு என்பதால் ஆர்க் வெல்டிங்கே போதும். ஆட்டு எரு ஏற்றி இறக்கிய அன்றே கழுவி, பின்பக்கம் சாய்வாக நிறுத்தி வடியவிடுங்கள்.