கழற்றுதலும் ஒரு விசாரணையே

யந்திரத்தைச் செய்து முடிப்பவனுக்கு உலகம் அளிக்கும் கௌரவத்தை, அதை அக்கறையோடு கழற்றிப் பார்ப்பவனுக்கு அளிப்பதில்லை. ஆனால் கனடாவின் வடபாகத்திலும், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலும், பின்லாந்தின் வடகோடியிலும், ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் பிரதேசங்களில் ஸ்நோமொபைல் என்னும் பனிவண்டியை நம்பி வாழ்கிறவர்களின் நிலையைச் சற்றே சிந்தித்துப் பார்த்தால், கழற்றத் தெரிந்த கைக்கு அங்கே எத்தனை பெருமை உண்டு என்பது விளங்கும்.

அந்த வண்டியின் சரித்திரமே ஒரு கழற்றலில்தான் தொடங்குகிறது. கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் 1907-இல் பிறந்த ஜோசஃப் ஆர்மான் பொம்பார்டியே, தகப்பனார் கொடுத்த பழைய ஃபோர்டு காரின் எஞ்சினை எடுத்து, அதில் விசிறி ஒன்றைப் பொருத்தி, பனியின்மேல் ஓடும் சறுக்குவண்டியை 1922-இல் ஓட்டிக் காட்டியபோது அவருக்கு வயது பதினைந்து. 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் நோயால் வருந்திய சமயத்தில், பாதைகளைப் பனி அடைத்துக்கொண்டதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியின்றிக் குழந்தை இறந்துபோனது. அந்தத் துக்கத்துக்குப் பின்னும் தளராமல் உழைத்த அவர், பனிவண்டியின் பட்டையை ஓட்டும் பற்சக்கர அமைப்புக்கு 1937-இல் உரிமை பெற்றார். ஒருவர் இருவர் ஏறிச் செல்லத்தக்க சிறிய ஸ்கீ-டூ வண்டி 1959-இல் வெளிவந்தது.

இந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. பின்லாந்தின் செவெட்டியார்வி வட்டாரத்தில் ரெயின்டீர் மான்களை மேய்த்து வாழ்ந்த ஸ்கோல்ட் சாமி மக்களிடையே பனிவண்டி புகுந்த வரலாற்றை, பெர்ட்டி பெல்ட்டோ என்னும் மானுடவியல் அறிஞர் 1973-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சறுக்குவண்டியை இழுத்த மான் பனிக்கடியில் கிடைக்கும் பாசியைத் தின்று பிழைத்துக்கொண்டது. அதன் இடத்துக்கு வந்த யந்திரமோ பெட்ரோலையும் உதிரிப் பாகங்களையும் வெளியுலகிலிருந்து கேட்டது. தொலைதூரத் தொழிற்சாலைக்கு அடிமைப்படாமல் இருப்பதற்கு அத்தகைய மக்களுக்குள்ள வழிகளில் ஒன்று, வண்டியின் உள்ளுறுப்புகளைத் தாமே அறிந்து பழுது பார்த்துக்கொள்வது. ஆகையால் இந்தத் திறமையை வெறும் பொழுதுபோக்கென்று எண்ண என் மனம் இசைவதில்லை.

பனிவண்டிகளில் நெடுங்காலமாக ஆட்சி செய்து வருவது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். நம் சாலைகளில் ஒரு காலத்தில் ஓடிய ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளில் இருந்ததன் இனத்தைச் சேர்ந்தது. அதை அவிழ்க்குமுன் செய்யவேண்டிய காரியம், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அளவுமானியைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்வதாகும். சிலிண்டர்களுக்கு இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கண்டால், பழுது எந்தப் பக்கத்தில் என்பதற்கு முதல் சாட்சி கிடைத்துவிடுகிறது.

பல மாதிரிகளில் எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்காமலே பிஸ்டன் வரைக்கும் சென்றுவிடலாம். புகைக்குழாயைப் பிடித்திருக்கும் வலிய ஸ்பிரிங்குகளை, கண்ணுக்குக் காப்பணிந்து, கொக்கியால் விடுவிக்க வேண்டும். கார்புரேட்டரை எடுத்ததும் எண்ணெய்க் குழாய்களின் வாயை அடைத்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை வடித்துவிட வேண்டும். சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால்தான் அந்த அலுமினியத் தகடு கோணாமல் இருக்கும். சிலிண்டரை மேலே தூக்கியவுடன், கீழே திறந்திருக்கும் கிராங்க் அறையின் வாயைச் சுத்தமான துணியால் மூடுவது அவசியம். ஏனெனில் பிஸ்டன் பின்னைக் காக்கும் சர்க்ளிப் என்னும் சிறு கம்பி வளையம் அதனுள் விழுந்துவிட்டால், அதை எடுப்பதற்காக எஞ்சின் முழுவதையுமே பிரிக்க நேரிடும். எஞ்சினையே இறக்க வேண்டி வந்தாலோ, கிராங்க் முனையில் இறுகியிருக்கும் கிளட்சை அதற்குரிய புல்லரால் மட்டுமே இழுக்கலாம். சுத்தியலால் அடித்தால் கிராங்க் வளையும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும், அது இருந்த இடம் தெரியும்படி ஓர் அட்டையில் துளையிட்டுச் செருகி வைப்பது பழைய தொழிலாளிகளின் நல்வழக்கம்.

இவ்வளவு சிரத்தையும் எதற்காக என்றால், வெளியே எடுத்த பிஸ்டன் ஒரு சாசனத்தைப்போல் நடந்ததையெல்லாம் சொல்லக் காத்திருக்கிறது என்பதற்காகவே. புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் உராய்ந்து உருகியிருந்தால், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையால் சூடு ஏறியது என்று சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் போதாமற் போனதா என்றும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு மூலைகளிலும் கீறல் விழுந்திருந்தால், குளிர்ந்த எஞ்சினைச் சூடேறவிடாமல் முழுவேகத்தில் விரட்டியதால், சிலிண்டர் விரியுமுன் பிஸ்டன் விரிந்து இறுகியது என்று அறியலாம். தலையின் விளிம்பு பொடிப்பொடியாக அரித்திருந்தால், எரிபொருள் முறைதவறி வெடித்திருக்கிறது.

முதலிற் சொன்ன கலவைக் குறைவு பனிநாட்டுக்கே உரிய ஓர் ஆபத்து. பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரியில் உள்ள காற்று, 20 டிகிரி வெப்பத்தில் உள்ள காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி மிகுந்தது. ஆகவே சாதாரணக் கார்புரேட்டரில் அதற்கேற்றபடி பெரிய ஜெட் போடாவிட்டால், எவ்வளவு கடுங்குளிரோ அவ்வளவுக்கு எஞ்சின் உள்ளே வெந்துபோகிறது. கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தாலும், கிராங்கின் ஆயில் சீல் இறுகிப்போனாலும், திருட்டுக் காற்று நுழைந்து அதே தீங்கைச் செய்யும்.

அநேகர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். உருகின பிஸ்டனை எடுத்தெறிந்துவிட்டுப் புதியதை வாங்கி, அம்புக்குறியைப் புகைவழிப் பக்கம் திருப்பி, புதிய சர்க்ளிப்பும் கேஸ்கெட்டும் போட்டு, உரிய இறுக்கத்தில் போல்ட்டுகளை முடுக்கி, எல்லாவற்றையும் குறையின்றிச் செய்து முடித்தபிறகும், வெடித்த ரப்பர் அப்படியே இருக்குமானால் புதிய பிஸ்டனும் பழையதன் கதியையே அடையும். அப்படி அது நின்றுபோகும் இடம் மனித வாசனையற்ற உறைந்த ஏரியின் நடுவாகவும் இருக்கக்கூடும்.

ஆதலால் சொந்தக் கையால் பழுது பார்க்க முற்படும் இளைஞர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: எது கெட்டது என்று கண்டதோடு நிற்காதீர்கள், ஏன் கெட்டது என்று சந்தேகமறத் தெரியும்வரை எஞ்சினை மூடாதீர்கள். அந்த விடைக்காக இன்னும் இரண்டு உறுப்புகளைக் கழற்ற வேண்டியிருந்தால், அவற்றையும் கழற்றுங்கள்.