பஸ்ஸில் போனால் கௌரவம் குறையுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வருகிற என் தம்பி மகன், "அத்தை, பசங்களுக்குத் தமிழ்நாட்டைச் சுற்றிக் காட்டணும், பஸ்ஸில் போகலாமா?" என்று குடும்பக் குழுவில் கேட்டான். நான் பதில் எழுதுவதற்குள் பன்னிரண்டு பேர் முந்திக்கொண்டார்கள். "கவர்மென்ட் பஸ்ஸா? இன்னோவா பிடி." "இல்லாட்டி நைட் ஏசி ஸ்லீப்பர் போடு." அவர்களில் நான்கு பேர் என்னிடம் அ, ஆ படித்தவர்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

இரவு ஸ்லீப்பரில் ஏறினால் ஊர் போய்ச் சேரலாம், ஊரைப் பார்க்க முடியாது. திரையை இழுத்துவிட்டுத் தூங்குவதற்கா இவ்வளவு தூரம் வருகிறான்? பண்டிகை நாளென்றால் அந்தப் படுக்கைக்குக் கேட்கிற விலையும் உங்களுக்குத் தெரியும்.

நான் சொல்லும் வழி இது. சிதம்பரம் வரை ரயிலில் வா. அங்கிருந்து பகல் பஸ்ஸில் கும்பகோணம், பிறகு தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை. ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும். முன்பதிவு வேண்டாம். காலை எட்டு, ஒன்பது மணிக் கூட்டத்தை விட்டுவிட்டு ஏறு. நீண்ட தூரத்துக்குப் பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் நல்லது. ஆனால் தாராசுரம் கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறு. எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது. வெயில் படாத பக்கம் எது என்று கண்டக்டரைக் கேட்டு உட்கார். சிதம்பரத்திலிருந்து எந்த வழியாகப் போனாலும் கொள்ளிடத்தைத் தாண்டியாக வேண்டும். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவை.

குறையே இல்லையா? இருக்கிறது. மழையில் ஒழுகும் பஸ்களில் நானே குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். பல பஸ் நிலையங்களில் கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது. முழங்கால் முடியாதவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் காரில் போகட்டும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையும் காலும் நன்றாக இருப்பவர்கள் "அதெல்லாம் நமக்கு இல்லை" என்று சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏன் தெரியுமா? நான் வேலை பார்த்த ஒரு கிராமத்துக்குக் காலையும் மாலையும் ஒரு பஸ் வரும். வசதி வந்தவர்கள் பைக் வாங்கினார்கள். மற்றவர்கள் ஷேர் ஆட்டோவுக்கு மாறினார்கள். கூட்டமில்லை என்று காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கேட்கப் போக வேண்டிய பெரிய மனிதர் யாரும் போகவில்லை. அவர்களுக்குத்தான் பஸ் தேவையில்லையே! ஐந்தாம் வகுப்பை முடித்து, ஏழு கிலோமீட்டர் தள்ளி ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண் பாதியில் நின்றுபோனாள். அரசு கொடுத்த இலவச பஸ் பாஸ் அவள் கையில் இருந்தது. பஸ்தான் இல்லை.

1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. லாபம் வராத ஊருக்கும் பஸ் போகிறதென்றால் அது அரசு பஸ் என்பதால்தான். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதில் வேலைக்குப் போகிற பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அது இலவசமா உரிமையா என்று புரியும்.

கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் இறங்கிவிட்டால், கேட்கத் தெரியாதவர்களோடு பஸ் பழுதாகிக்கொண்டே போகும். அதனால்தான் ஏறச் சொல்கிறேன். ஏறுங்கள், குறை கண்டால் புகார் எழுதுங்கள். எழுதத்தானே சொல்லிக்கொடுத்தேன்?

தம்பி மகனே, சிதம்பரம் பஸ் நிலையத்தில் நானும் வந்து ஏறிக்கொள்கிறேன். மற்றவர்கள் கீழே திட்டலாம். பிழையில்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்