எழுத்துருவும் எட்டாத பாடமும்

விழுப்புரம் மாவட்டம் திண்டிவனம் கோட்டத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. இடைக்காலத்தில் பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும் பெற்றோரின் கைப்பேசியிலும் வந்தது. வீட்டின் ஒரே கைப்பேசி காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. கற்றல் இழப்பைச் சரிக்கட்ட அரசு நாடியது அதே ஊரின் தன்னார்வலர்களை. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் அவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். கல்வித் தொழில்நுட்பக் கருத்தரங்குகளில் இது போதிய அளவு பேசப்படுவதில்லை.

செயலிகள் அதன் பிறகு வந்தன. 2022 ஜூனில் இத்திட்டத்தின் கீழ் நடந்த வாசிப்பு மாரத்தானில் கூகுளின் 'ரீட் அலாங்' பயன்பட்டது. பிள்ளை உரக்கப் படிப்பதைக் கேட்டு அது திருத்தும். குரல்பதிவு கைப்பேசியை விட்டு வெளியே போகாது என்கிறது நிறுவனம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேச இயலாத பிள்ளைக்கும் திரையைப் பார்க்க இயலாத பிள்ளைக்கும் அதே பயிற்சியை வேறு வழியில் யாராவது தந்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை அன்றாடக் கோப்புகளில் இருக்கிறது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய வினாத்தாள் கண்ணுக்குத் தமிழ்; கணினிக்கோ அது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பை. பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் அந்தக் குப்பையைத்தான் படித்துக் காட்டும். பயிற்சித்தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அதுவும் கிடைக்காது. ஒருங்குறியையும் (யூனிகோட்) டேஸ்16-ஐயும் கணினித் தமிழுக்கான குறியாக்கத் தரமாகத் தமிழக அரசு அறிவித்தது 2010-இல். பழக்கம் இன்னும் முழுதாக மாறவில்லை. சோதிக்க எளிய வழி உண்டு: பிடிஎஃப் கோப்பில் ஒரு வரியை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பார்க்க வேண்டும். தமிழாக வந்தால் திரைவாசிப்பானால் படிக்க முடியும். எதுவுமே ஒட்டவில்லையென்றால் அது வெறும் படம். அதை எழுத்தாக மாற்றியாக வேண்டும். வரைபடத்துக்கும் விளக்கப்படத்துக்கும் இரண்டு வரி விவரிப்பு எழுதவும், காணொளிக்கு வசனவரி சேர்க்கவும் தனி மென்பொருள் தேவையில்லை, நேரம்தான் தேவை. அந்த நேரத்தை ஆசிரியரின் பணிப்பட்டியலில் எவரும் எழுதுவதில்லை என்பதுதான் சிக்கல்.

சட்டம் இந்த அணுகலைச் சலுகையாகக் கருதவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 42-ஆம் பிரிவு, மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. மின்னணு அணுகல் அரசியலமைப்பின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

தரவு விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைக் கேட்கிறது. பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் மதிப்பெண் பட்டியலையும் ஒரு பிள்ளையின் குறைபாட்டுச் சான்றிதழையும் வகுப்புக் குழுவில் பகிர்வதற்கு எந்தக் கற்பித்தல் காரணமும் இல்லை. அவை உரிய பெற்றோருக்குத் தனியே போக வேண்டியவை.